ஐந்தாம் வகுப்பு, ஏழாம் பாடம்

காலையிலிருந்து பாடநூல் அலுவலகம் முழுக்கப் பசை நாற்றம். கீழ்த்தளக் கிடங்கில் ஆறு பெண்கள் வரிசையாக உட்கார்ந்து, ஐந்தாம் வகுப்பு மொழிப்பாடப் புத்தகத்தில் நாற்பத்தொன்றாம் பக்கத்திலிருந்து நாற்பத்து நான்காம் பக்கம் வரை வெள்ளைத்தாள் ஒட்டிக்கொண்டிருந்தார்கள். ஒரு தடவல், ஒரு அழுத்தல், அடுத்த புத்தகம். இந்த வருஷத்துப் புத்தகமெல்லாம் அச்சாகி, கட்டுக்கட்டாக லாரிக்குக் காத்திருந்த நேரம் பார்த்துத்தான் அந்தப் பக்கங்களில் இருக்கும் கால்பந்துப் புண்ணியவான் கையால் கோல் போட்டுத் தொலைத்தான்.

ஒட்டி என்ன பிரயோஜனம்? பக்கத்தை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தால் எழுத்தெல்லாம் தெரியும். பிள்ளைகளுக்கு அதைக் கண்டுபிடிக்க அரை நிமிஷம் போதும். திறந்து கிடக்கும் பாடத்தைத் திரும்பிக்கூடப் பார்க்காத பிள்ளை, மூடி வைத்த பாடத்தை எழுத்தெண்ணிப் படிக்கும். இதை இயக்குநரிடம் யாராவது சொல்லியிருக்கலாம். ஆனால் அவர் சுற்றறிக்கையிலேயே பிறந்து வளர்ந்த மனிதர். "உரிய நடவடிக்கை எடுக்கப்பட்டது" என்று எழுத ஒரு வழி கிடைத்தால் போதும், அதற்கு மேல் என்ன ஆனால் அவருக்கென்ன.

இரண்டாம் மாடியில் கமா அக்கா ஒரே காகிதத்தைத் திரும்பத் திரும்பப் படித்துக்கொண்டிருந்தாள். முப்பது வருஷமாகப் பிள்ளைகளுக்குப் பாடம் எழுதுகிறவள். ஒரு கமா இடம் மாறினாலும் அச்சகத்துக்கே போய் நின்று ரகளை பண்ணுவாள், அதனால் வந்த பெயர். ஓய்வுபெற இன்னும் ஐந்து மாதம். இப்போதெல்லாம் எதற்கும் ரகளை பண்ணுவதில்லை. அதற்கும் உடம்பில் தெம்பு வேண்டுமே.

காகிதம் இயக்குநர் தயாரித்த பதில் கடிதம். கால்பந்துச் சங்கத்தின் ஒழுங்குக் குழு கேட்டிருந்தது: ஏழாம் பாடத்தில் வரும் சம்பவம் உங்களுக்கு எப்படித் தெரியவந்தது, வீரரே சொன்னாரா? இயக்குநரின் பதில்: "மேற்படி நிகழ்வு நாளிதழ்ச் செய்தியை ஆதாரமாகக் கொண்டு எழுதப்பட்டது. மேற்படி வீரர் பன்னிரண்டு ஆண்டுகளாக மறுப்பு ஏதும் தெரிவிக்கவில்லை." அதன் கீழே, பாடம் எழுதியவர் கையெழுத்துப் போட ஒரு கோடு. மூன்று மணிக்குள் கடிதம் போய்ச் சேர வேண்டும்.

நாளிதழ்ச் செய்தியாம்! அப்படி ஒரு செய்தி எந்த நாளிதழிலும் வந்ததில்லை. அந்தச் சம்பவம் அக்கா தன் சொந்தத் தலையிலிருந்து எடுத்து விட்டது.

பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னால், அந்தப் பையன் ஒரே ஆட்டத்தில் மூன்று கோல் போட்டு ஊரெல்லாம் அவன் பேச்சாக இருந்தது. அப்போதிருந்த இயக்குநர் வந்து, நாலு மணிக்குள் அவனைப் பற்றி ஒரு பாடம் வேண்டும், நீதியோடு வேண்டும் என்று அக்காவின் தலையில் கட்டிவிட்டுப் போனார். அக்கா பத்திரிகை நறுக்குகளையெல்லாம் புரட்டினாள். உயரம் இருந்தது, எடை இருந்தது, காலணி அளவுகூட இருந்தது. குணம் என்று ஒன்று எதிலும் இல்லை. காலணி அளவை வைத்துக்கொண்டு என்ன நீதியைச் சொல்வது? மணி மூன்றேகால் ஆனதும் அவளே ஒன்றைக் கட்டினாள். பதினாறு வயதில் பள்ளி இறுதி ஆட்டம். பந்து கையில் உரசி கோலுக்குள் போகிறது. யாரும் பார்க்கவில்லை. பையன் தானாக நடுவரிடம் போய், ஐயா என் கையில் பட்டது என்கிறான். கோல் ரத்து, அணிக்குத் தோல்வி. எதிரணிப் பிள்ளைகள் அவனைத் தோளில் தூக்கிக்கொள்கிறார்கள். தோளில் தூக்கியது கொஞ்சம் ஓவர் என்று அப்போதே தோன்றியது, ஆனால் படம் போடுகிறவருக்கு அதுதான் பிடித்துப்போனது. படிவத்தில் 'ஆதாரம்' என்ற கட்டத்தில் 'நாளிதழ்ச் செய்தி' என்று எழுதினாள். தேதியை விட்டுவிட்டாள். ஒரு கமாவுக்காக அச்சகத்தை உலுக்குகிறவள், அன்றைக்கு முழுத் தேதியையும் விட்டுவிட்டு வீட்டுக்குப் போய்விட்டாள்.

பாடம் சக்கைப்போடு போட்டது. பள்ளி விழாக்களில் நாடகமாகப் போட்டார்கள். மேடைப் பேச்சாளர்கள் கண்ணீர் மல்க எடுத்து விட்டார்கள். கால்பந்துச் சங்கமே அதை நம்பி அவனுக்கு 'முன்மாதிரி வீரர்' பட்டம் கொடுத்தது. பேட்டியில் யாராவது அந்தச் சம்பவத்தைக் கேட்டால் அவன் கழுத்தைச் சொறிந்துகொண்டு சிரிப்பான். ஆஹா, என்ன அடக்கம் என்றார்கள்.

போன மாதம் அரையிறுதி. கடைசி நிமிஷத்தில் பந்தைக் கையால் தட்டி உள்ளே தள்ளினான். நெஞ்சில்தான் பட்டது என்று நடுவரிடம் சத்தியம் பண்ணினான். காட்சியை மெதுவாக ஓட்டிக் காட்டியதில் நான்கு விரலும் பளிச்சென்று தெரிந்தன. வேறொருவன் செய்திருந்தால் இரண்டு நாள் திட்டிவிட்டு மறந்திருப்பார்கள். இவன் ஏழாம் பாடம் ஆயிற்றே. பிள்ளைகள் அழுதன, பெற்றோர் கொதித்தார்கள், தொலைக்காட்சியில் ஆளாளுக்குக் கிழித்துத் தொங்கவிட்டார்கள். அக்காவின் கணவர் சோபாவில் சாய்ந்துகொண்டு, "இவனையெல்லாம் புத்தகத்துல போட்டாங்க பாரு, அவங்களைச் செருப்பால அடிக்கணும்" என்றார். முப்பது வருஷத்தில் எந்தெந்தப் பாடம் உன்னுடையது என்று ஒருநாளும் கேட்காத மனிதர். அக்கா தட்டை அவர் முன்னால் வைத்துவிட்டு உள்ளே போனாள்.

கையால் தட்டியதற்கு மூன்று ஆட்டம் தடை, அது எல்லோருக்கும் உள்ளது. ஆனால் முன்மாதிரியாக நம்பிய பிள்ளைகளை ஏமாற்றியதற்கு ஒரு வருஷத் தடை என்று குழு பேசிக்கொண்டிருந்தது. வியாழக்கிழமை விசாரணை. முப்பத்து நான்கு வயதில் ஒரு வருஷம் உட்கார்ந்தால் பிறகு பூட்ஸை ஆணியில் மாட்ட வேண்டியதுதான்.

அக்காவுக்கு இதெல்லாம் தெரியும். உண்மையைச் சொன்னால், ஆவணத்தில் பொய் எழுதினாய் என்று விசாரணை வரும். மாலை மரியாதையோடு போக வேண்டியவள் மெமோவோடு போவாள். சொல்லாவிட்டால் ஒருவனின் ஆட்டம் தன்னால் முடியும். மனசைத் தொட்டுச் சொன்னால், அவளுக்குக் கையெழுத்தைப் போட்டுவிட்டுப் போய்ப் படுத்துக்கொள்ளத்தான் ஆசை. அவ்வளவு அலுத்திருந்தது.

மதியம் ஒன்றரைக்கு, எல்லோரும் சாப்பிடப் போயிருந்த நேரத்தில், தொப்பியைக் கண்வரை இழுத்துவிட்ட ஒருவன் ஒரு காலைச் சாய்த்துச் சாய்த்து வந்து அவள் மேசை முன்னால் நின்றான்.

"ஏழாம் பாடம் எழுதினது நீங்கதானே மேடம்?"

அக்கா கடிதத்தைக் கவிழ்த்து வைத்தாள். "உக்காருங்க தம்பி."

உட்கார்ந்தான். திரையில் மலை மாதிரி தெரிகிறவன், பக்கத்தில் பார்த்தால் ஒரு வாரம் தூங்காத லாரி ஓட்டுநர் மாதிரி இருந்தான்.

"சண்டை போட வரல மேடம். ஒண்ணே ஒண்ணு கேக்கணும். அது எந்த மேட்ச்?"

"எது?"

"நான் ரெஃப்ரிகிட்ட போய்ச் சொன்னது. எனக்கு ஞாபகமே இல்ல. பழைய கோச்சைக் கேட்டேன், அவருக்கும் தெரியல. கூட ஆடினவங்கள்ல ஒருத்தன் ஆமாங்கறான், ஒருத்தன் இல்லவே இல்லைங்கறான். ஆமாங்கறவன் உங்க புத்தகத்தைப் படிச்சுட்டுச் சொல்றானோன்னு சந்தேகமா இருக்கு."

"பன்னெண்டு வருஷமா கேக்கத் தோணலையா?"

"பயம்தான்." தொப்பியின் விளிம்பைத் தடவினான். "மொதல்ல சிரிப்பா இருந்துச்சு. வேற யாரையோ நான்னு நெனச்சு எழுதிட்டாங்க, போகட்டும்னு விட்டேன். அப்புறம் பசங்க லெட்டர் போட ஆரம்பிச்சாங்க. அண்ணா, நான் காப்பி அடிச்சதை நானே டீச்சர்கிட்ட சொல்லிட்டேன்னு. அந்தப் பையனுக்கு என்னன்னு பதில் எழுதறது, சொல்லுங்க? எங்கம்மா அதுக்கும் மேல. வீட்டுக்கு யார் வந்தாலும் இந்தக் கதைதான். அன்னிக்கு மழையாம், நான் அழுதுகிட்டே வீட்டுக்கு வந்தேனாம். உங்க பாடத்துல மழையே கிடையாது!"

அக்காவுக்குச் சிரிப்பு வந்தது.

"ரெண்டு சீசன் எந்த ரெஃப்ரியையும் எதிர்த்து ஒரு வார்த்தை பேசல மேடம். உங்க பாடத்துக்குப் பயந்துகிட்டு. அதுக்கப்புறம் முடியல."

"அன்னிக்கு, கையில பட்டப்போ?"

"சத்தியமா மொதல்ல உங்க பாடம்தான் ஞாபகம் வந்துச்சு." நிமிர்ந்து அவளைப் பார்த்தான். "அடுத்த செகண்டே கோல்னு கத்திக்கிட்டு ஓடிட்டேன். செஞ்சது தப்பு. அதுக்கு மூணு மேட்ச் இல்ல, முப்பது மேட்ச் குடுக்கட்டும். அந்தப் பதினாறு வயசுப் பையன் நான்தானான்னு மட்டும் எனக்குத் தெரியணும்."

தப்பிக்க ஆதாரம் தேடி வந்திருக்கிறான் என்றுதான் அக்கா நினைத்தாள். நினைத்ததில் அவளுக்குக் கொஞ்சம் நிம்மதிகூட. அவன் கேட்கிறான், நாம் கொடுக்கிறோம், கத்திவிட்டுப் போகட்டும், விட்டது தலைவலி. பூசி மெழுகாமல் சொல்லிவிட்டாள்.

"அப்படி ஒரு மேட்ச் நடக்கல தம்பி. அது நான் கட்டின கதை. நாலு மணிக்குள்ள கேட்டாங்க, எழுதிட்டேன்."

அவன் கத்தவில்லை. அப்பாடா என்று மூச்சும் விடவில்லை. தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டான். முன்தலையில் நரை தெரிந்தது.

"ஒரு தடவையாவது செஞ்சிருப்பேன்னு நெனச்சேன் மேடம்" என்றான்.

ஓங்கி ஒரு அறை விட்டிருந்தால் அக்கா தாங்கியிருப்பாள். இதைத் தாங்க முடியவில்லை. இவனிடம் இல்லாத ஒன்றை இவனுக்குக் கொடுத்து, பன்னிரண்டு வருஷம் சுமக்க வைத்து, இப்போது பிடுங்கியும் ஆயிற்று. எல்லாம் ஒரு நாலு மணிக்காக.

"எழுதிக் குடுத்துடறேன். நான் சொன்ன பொய்க்கு உங்களுக்கு எதுக்கு ஒரு வருஷம்? மூணு மேட்ச்சோட போயிடும்."

"வேணாம்."

"என்னது?"

"அம்மாவுக்கு எழுபத்திரண்டு வயசு மேடம். நான் கையால தட்டினதை டிவியில பார்த்துட்டு என்ன சொன்னாங்க தெரியுமா? பேரும் புகழும் வந்து உன்னைக் கெடுத்துடுச்சுடா, சின்ன வயசுல நீ இப்படி இல்லன்னாங்க. அந்தச் சின்ன வயசாவது அவங்களுக்கு இருக்கட்டும். வியாழக்கிழமை கேட்டா, நடந்ததுதான், நான்தான் சொன்னேன்னு சொல்லிடறேன். ஒரு வருஷம்தானே, போகட்டும். முட்டியும் போயிடுச்சு."

கமா அக்காவுக்கு உடம்பெல்லாம் லேசானது. அதை மறைத்துப் பயனில்லை. பாதிக்கப்பட்டவனே வேண்டாம் என்கிறான்; கவிழ்த்து வைத்த காகிதத்தைத் திருப்பிக் கையெழுத்துப் போட்டால் முடிந்தது. மெமோ இல்லை, மாலை உண்டு. பேனாவைக்கூட எடுத்துவிட்டாள். எடுத்த பிறகுதான் தன்மேலேயே அருவருப்பு வந்தது. நேர்மையைப் பற்றி அவள் எழுதிய பாடத்தைக் காப்பாற்ற, இந்த மனிதன் குழு முன்னால் போய்ப் பொய் சொல்லப் போகிறான்.

"அதுவும் பொய்தானே தம்பி."

"பன்னெண்டு வருஷமா சொல்லிக்கிட்டுதானே இருக்கேன். வாயைத் திறக்காம."

அக்கா மேசைத் தொலைபேசியை இழுத்து, சங்கத்தின் கடிதத்திலிருந்த எண்ணைப் பார்த்து அழுத்தினாள்.

"மேடம், என்ன பண்றீங்க?" பாதி எழுந்தான். மூன்று பேரைத் தள்ளிக்கொண்டு பந்தை எடுத்துப் போகிறவன்; ஐம்பத்தேழு வயதுக்காரி கையிலிருந்து ஒரு தொலைபேசியைப் பிடுங்க அவனுக்கு எவ்வளவு நேரம் ஆகும்? பிடுங்கவில்லை. அப்படியே உட்கார்ந்துவிட்டான்.

அந்தப் பக்கம் செயலாளர் எடுத்தார். அக்கா தன் பதவியைச் சொன்னாள், பாடத்தைச் சொன்னாள். "அது நடந்த சம்பவம் இல்லைங்க. நான் கற்பனையா எழுதினது. அவருக்கும் அதுக்கும் சம்பந்தமே கிடையாது." அவர் திரும்பச் சொல்லச் சொன்னார். திரும்பச் சொன்னாள். எந்த நாளிதழ், என்ன தேதி என்று கேட்டார். "நாளிதழே கிடையாதுங்க" என்றாள். எழுத்தில் வேண்டும் என்றார். "மூணு மணிக்குள்ள வந்துடும்" என்று சொல்லி வைத்தாள். பெரிய காரியம் செய்த மாதிரி ஒன்றும் இல்லை. இதைச் செய்ய எவ்வளவு காலம் எடுத்துக்கொண்டோம் என்ற அசதிதான்.

"சாயங்காலமே டிவியில வந்துடும்" என்றான் அவன்.

"வந்துடும். மன்னிச்சிடுங்க தம்பி. உங்களைக் கேக்காமதான் அன்னிக்கு எழுதினேன். இன்னிக்கும் கேக்கல."

அவன் எழுந்து, கைபேசியை எடுத்துக்கொண்டு, காலைச் சாய்த்துச் சாய்த்து வெளி நடைக்குப் போனான். அக்கா இயக்குநரின் கடிதத்தை நான்காகக் கிழித்துக் குப்பைக்கூடையில் போட்டுவிட்டு, வெள்ளைத்தாள் ஒன்றை எடுத்து 'ஐயா' என்று எழுதினாள்.

கதவு பாதி திறந்திருந்தது. அவன் குரல் கேட்டது.

"அம்மா, சாப்பிட்டியா?... ம், நானும் சாப்பிட்டேன்." நடையில் நாற்காலி இழுபடும் சத்தம். "உன்கிட்ட ஒண்ணு சொல்லணும். டிவிக்காரன் சொல்றதுக்கு முன்னாடி நானே சொல்லிடறேன்."

சொன்னான். அவ்வளவு நேரம் ஒன்றும் ஆகவில்லை, நாலைந்து வாக்கியம்தான். பிறகு அந்தப் பக்கம் அம்மாதான் பேசிக்கொண்டே போனாள் போலிருக்கிறது. அவன் "ம்" என்றான், இன்னொரு "ம்" என்றான். கிழவி விடாமல் ஏதோ கெஞ்சிக் கேட்டிருக்க வேண்டும்.

"இல்லம்மா" என்றான் அவன். "சின்ன வயசுலயும் இல்ல."