உள்ளங்காலில் ஒரு மேடு

பெங்களூர் பிரிகேட் ரோட்டு ஷூக் கடையில், மெத்தென்ற கம்பளத்தின்மேல் வெறுங்காலோடு நின்ற சம்பங்கி, விரல்களை உள்ளுக்கு இழுத்து, குதிகாலை அழுத்தி, பாதத்தைப் பூனை முதுகு மாதிரி தூக்கி வைத்திருந்தான். மூச்சையும் சேர்த்துப் பிடித்திருந்தான். மூச்சுக்கும் பாதத்துக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்டால் அவனுக்குச் சொல்லத் தெரியாது. ஒன்றை விட்டால் இன்னொன்றும் விழுந்துவிடும் என்று பயம், அவ்வளவுதான். எதிரே அவன் வேலை பார்க்கும் கம்பெனியின் பெர்சனல் மேனேஜர் பரமசிவம் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்து, ஓட்டம் என்பது காலில் இல்லை, ஷூவில்தான் இருக்கிறது என்று கடைக்காரருக்கு விளக்கிக்கொண்டிருந்தார். கடைக்காரர் அப்பன் காலத்திலிருந்து ஷூ விற்கிறவர். ஆனாலும் இதையெல்லாம் இன்றைக்குத்தான் கேள்விப்படுகிறவர்போல் தலையாட்டினார். வியாபாரம் தெரிந்தவர்.

“பாதத்துக்கு நடுவுல ஆர்ச்னு ஒண்ணு இருக்கு சார், கோயில் வாசல் வளைவு மாதிரி. மனுஷனோட ஸ்பீடு பூரா அங்கதான் ஸ்டோர் ஆகுது. அதுக்குக் கீழ நல்லா முட்டுக் கொடுக்கணும். நம்ம ஆளுங்களுக்கு இதெல்லாம் எங்க தெரியுது? மாட்டிக்கிட்டு ஓடுறான், அவ்ளோதான்.”

கடைக்காரர் குனிந்து சம்பங்கியின் பாதத்துக்கடியில் விரலை விட்டுப் பார்த்தார். விரல் தாராளமாக நுழைந்தது. “ஃபர்ஸ்ட் கிளாஸ் ஆர்ச்” என்றார். பரமசிவம் தானே நின்று கொத்தனாரை வைத்துக் கட்டிய வளைவைப் பார்ப்பதுபோல் பூரித்துப்போனார். “இவனுக்கு இருக்கிறதிலேயே ஒசந்த முட்டு வச்சதைக் குடுங்க” என்றார்.

இப்படியாக, உலகத்திலேயே தட்டையான பாதங்களில் ஒரு ஜோடிக்கு, கடையிலேயே மேடான ஷூ வாங்கப்பட்டது. உள்ளே நடுவில் புடைத்திருந்த ரப்பர் மேடு கூழாங்கல்லைப்போல உள்ளங்காலில் ஏறியது. “எப்பிடிப்பா இருக்கு?” என்று மேனேஜர் கேட்டார். “சூப்பருங் சார்” என்றான் சம்பங்கி. கண்ணில் நீர் முட்டியது. அதை அவர் நன்றி என்று எடுத்துக்கொண்டார்.

பொய் சொல்லி நிற்கும் வித்தையை அவன் விளையாட்டுக்குக் கற்றுக்கொள்ளவில்லை. இரண்டு வருஷம் முன்னால் தருமபுரியில் போலீசுக்கு ஆள் எடுத்தபோது ஓட்டத்தில் முதலாவதாக வந்தவன் அவன்தான். நெஞ்சளவும் சரி, உயரமும் சரி. கடைசியில் ஓர் அதிகாரி அவன் காலடியில் பென்சிலைச் செருகிப் பார்த்தார், பென்சில் போகவில்லை. “தட்டைக்காலு. ஓட முடியாது. அடுத்த ஆள்” என்றார். அப்போதுதான் ஓடி முடித்து இன்னும் வேர்வைகூடக் காயாமல் அவன் நின்றுகொண்டிருந்தான். அவனுக்கு ரொம்பப் பின்னால் மூச்சு வாங்க வந்து விழுந்த ஒருவன் கான்ஸ்டபிளாகி, இப்போது ஜூஜூவாடி செக்போஸ்டில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கிறான். பெங்களூரிலிருந்து திரும்பும்போது கம்பெனி ஜீப்பை எழுந்திருக்காமலே கையாட்டி அனுப்பியவன் அவன்தான். அரசாங்கத்துக்கு வளைவான காலும் வளையாத முதுகும் போதும் போலிருக்கிறது.

ஓசூர் சிப்காட்டில் பல்சக்கரம் செய்யும் அந்தக் கம்பெனியில் சம்பங்கி இன்னும் டிரெய்னிதான். கம்பெனிகளுக்கிடையே நடக்கும் விளையாட்டுப் போட்டியில் நெடுந்தூர ஓட்டத்தில் ஜெயித்தால் பர்மனென்ட் என்று பரமசிவம் கேன்டீனில் எல்லோர் முன்னாலும் அறிவித்திருந்தார். பர்மனென்ட் ஆவதற்கு முன் டாக்டர் பார்ப்பார். தட்டைக்கால் உள்ளவனால் எட்டு மணிநேரம் மெஷினில் நிற்க முடியாது, அப்படிப்பட்டவனைக் கழித்துவிட வேண்டும் என்று டாக்டருக்கு உத்தரவு போட்டிருந்தவரும் இதே பரமசிவம்தான். ஏதோ புத்தகத்தில் படித்தாராம். சம்பங்கி இரண்டு வருஷமாக எட்டு மணிநேரமும் ஓவர்டைமும் அவருடைய மெஷினில்தான் நின்றுகொண்டிருந்தான். ஆனால் அது புத்தகத்தில் இல்லை.

ஆக, ஓடுவதற்குச் சரியான ஷூ வேண்டுமென்றால் காலைப் பற்றிய உண்மையைச் சொல்ல வேண்டும். உண்மையைச் சொன்னால் ஓடி ஜெயித்தும் வேலை கிடைக்காது. இந்த முடிச்சை எந்தப் பக்கத்திலிருந்து அவிழ்த்தாலும் இன்னொரு பக்கம் இறுகியது.

விடியற்காலையில் பாகலூர் ரோட்டில் பயிற்சி. முன்னால் டீம் ஓடும். பின்னால் ஜீப்பில் பரமசிவம், கழுத்தில் விசில், கையில் ஸ்டாப்வாட்ச், மடியில் பிளாஸ்க். வழக்கமாக எல்லோருக்கும் முன்னால் போகிற சம்பங்கி நாளுக்கு நாள் பின்தங்கினான். ஒவ்வொரு அடிக்கும் அந்த மேடு அடியிலிருந்து குத்தி, வலி கணுக்கால் வழியாக முழங்காலுக்கு ஏறியது. பரமசிவம் ஜீப்பை ஓரமாக நிறுத்தி ஆராய்ச்சி செய்தார். முதலில் களி சாப்பிடுவதுதான் காரணம் என்றார். களியை நிறுத்தி வாழைப்பழம் சாப்பிடச் சொன்னார். அப்புறம் மூச்சு விடுவது தப்பு என்றார். கடைசியில், “உனக்கு மைண்டுலதான்யா ப்ராப்ளம்” என்று முடித்துவைத்தார். இவ்வளவு ஆராய்ச்சியிலும் அவர் குனிந்து பார்க்காத ஒரே இடம் கால்தான்.

பக்கத்து மெஷின்காரன் திம்மப்பனுக்கு மட்டும் விஷயம் தெரியும். அவன் தேன்கனிக்கோட்டைக்காரன்; சிநேகிதர்கள் யாரையும் ‘குரு’ என்றுதான் கூப்பிடுவான்.

“எங்கூர்ல ராகிக் காட்டுல ஆனை எறங்குனா எங்கப்பன் ஓடுவாரு பாரு குரு, நம்ம மேனேஜரு ஜீப்புகூடப் புடிக்க முடியாது. அவுரு இன்னா ஆர்ச் பாத்துக்கினா ஓடுறாரு?”

“சும்மா இரு திம்மா. அந்த மேட்டை அறுத்து எறிஞ்சிடலாம்னு பாக்கறேன்.”

“அறுப்ப. வாரா வாரம் ஷூவை வாங்கி உள்ள கைய வுட்டுப் பாக்கறாரே, அப்போ இன்னா சொல்லுவ? எலி கடிச்சிடுச்சின்னா?”

வீட்டில் அவன் பெண்டாட்டி கெம்பம்மா வெந்நீரில் துணியை நனைத்து, கொப்புளம் உடைந்த உள்ளங்காலில் ஒற்றினாள். கர்நாடகப் பக்கத்துப் பெண்; அவளுடைய தமிழில் பாதி கோபமும் பாதி கன்னடமும் இருக்கும்.

“ஏன்ரீ, ஓடறது உங்க காலு. ஷூ மட்டும் அவுரு கண்ணுக்குப் புடிச்சதா இருக்கணுமா?”

“அவுருதானே வாங்கித் தந்தாரு.”

“வாங்கித் தந்தாருன்னா அவுரே மாட்டிக்கினு ஓடட்டும். பர்மனென்டு ஆகறதுக்குள்ள உங்க காலு டெம்பரரி ஆயிடும்.”

அவனுக்குச் சிரிப்பு வரவில்லை. அவள் சொன்னதில் தப்பில்லை என்பதுதான் எரிச்சலாக இருந்தது. சாயங்காலம் ஓசூர் பஸ் ஸ்டாண்டு ஓரத்துக் கடைக்குப் போனான். பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் டிரில்லுக்குப் போடும் வெள்ளைக் கான்வாஸ் ஷூ தோரணம் மாதிரி தொங்கியது. பெரிய சைஸ் ஒன்றை எடுத்து உள்ளே கையை விட்டுப் பார்த்தான். மேடும் இல்லை, பள்ளமும் இல்லை. சப்பாத்திக் கல்போலத் தட்டை. இங்கே யாரும் விரல் விட்டுப் பார்க்கவில்லை, அவனும் மூச்சைப் பிடிக்கவில்லை. பாதத்தைத் தொப்பென்று முழுசாக இறக்கினான். அது தன் வீட்டுக்குள் நுழைவதுபோல் உள்ளே போய் உட்கார்ந்துகொண்டது. அன்று முதல் தினமும் ஷிப்ட் முடிந்ததும் ஏரிக்கரைப் பக்கம் தனியாக ஓடினான். வலி இல்லை. யாரோ பின்னாலிருந்து தள்ளுவதுபோல் வேகம் வந்தது. காலையில் மேனேஜருக்கு முன்னால் நொண்டுவதும், மாலையில் யாருமில்லாத கரையில் பறப்பதுமாக அவன் பிழைப்பு நடந்தது.

போட்டி நாளன்று மைதானத்தில் ஷாமியானா போட்டு, எம்.டி.க்குச் சிம்மாசனம் மாதிரி ஒரு நாற்காலி வைத்திருந்தார்கள். பக்கத்தில் கம்பெனி டாக்டர் பெருமாள் முதலுதவிப் பெட்டியோடு உட்கார்ந்திருந்தார். பரமசிவம் தலையிலிருந்து கால்வரை வெள்ளையில், தானே ஓடப்போகிறவர்போல் துள்ளிக்கொண்டிருந்தார். சம்பங்கியின் காலைப் பார்த்ததும் துள்ளல் நின்றது.

“என்னய்யா இது, பள்ளிக்கூடத்துப் பையன் மாதிரி?”

“அந்த ஷூ கடிக்குதுங் சார்.”

“ஷூ எப்படிய்யா கடிக்கும்? உனக்குன்னு அளவு பாத்து வாங்கினது. கால்ல கோளாறு இருந்தாத்தான் கடிக்கும். உன் கால்ல கோளாறா?”

டாக்டர் திரும்பிப் பார்த்தார். சம்பங்கி ஷூவுக்குள்ளேயே விரல்களை உள்ளுக்கு இழுத்துக்கொண்டான்.

“இல்லீங் சார்.”

“அப்ப கழட்டு இதை. எம்.டி. முன்னாடி மானத்தை வாங்காதே. கம்பெனி ஷூ போட்டா ஓடு. இல்லேன்னா பேரை அடிச்சிடறேன்.”

கான்வாஸ் ஷூவை அவரே பிடுங்கிக்கொண்டு ஷாமியானாவுக்குப் போய்விட்டார். சம்பங்கி குழாயடியில் உட்கார்ந்து, பையிலிருந்த கம்பெனி ஷூவை எடுத்து மாட்டினான். விடியற்காலைப் பயிற்சிகளில் வீங்கிப்போயிருந்த பாதம் உள்ளே போக மறுத்தது. வலுக்கட்டாயமாகத் திணித்து எழுந்தான். ஆறிக்கொண்டிருந்த கொப்புளம் மேட்டில் பட்டு மறுபடி உடைந்தது. இரண்டடி வைத்தான். இதோடு ஒரு சுற்றுகூட ஓட முடியாது என்று தெரிந்துபோயிற்று. ஒலிபெருக்கியில் அவன் பேரைக் கூப்பிட்டார்கள். இரண்டாம் முறையும் கூப்பிட்டார்கள். அவன் ஷூவைக் கழற்றி எறிந்தான். காலைக் குழாய்த் தண்ணீரில் ஒருதரம் காட்டினான். ஈரக்காலோடு ஓடிப்போய்க் கோட்டில் நின்றான்.

அப்போதுதான் போட்ட சுண்ணாம்புக் கோடு. சுண்ணாம்பு உடைந்த கொப்புளத்துக்குள் இறங்கியதும் உச்சந்தலை வரை எரிந்தது. “டேய், ஷூ எங்கடா!” என்று பரமசிவம் ஷாமியானாவிலிருந்து கத்தியது விசில் சத்தத்தில் அமுங்கியது. எல்லோரும் ஓடினார்கள்.

முதல் சுற்றில் எரிச்சல்தான் அவனை இழுத்துக்கொண்டு போனது. நின்றால் இன்னும் எரியும். பாதம் முழுசாக, குதியிலிருந்து விரல்வரை, ஒளிக்காமல் மண்ணில் விழுந்து எழுந்தது. வளைவில் திரும்பும்போது முன்னால் யாரும் இல்லை. “அப்பிடித்தான் குரு! ஆனை வருது, ஓடு!” என்று திம்மப்பன் கயிற்றுக்கு வெளியே குதித்தான். கம்பெனி பேரைச் சொல்லி ஒலிபெருக்கி உருகியது. எம்.டி. எழுந்து நின்று கைதட்டினார். எல்லோரும் கைதட்டினார்கள்.

எதிர்ப்பக்க வளைவிலிருந்து சம்பங்கி மைதானத்தின் குறுக்கே பார்த்தான். பரமசிவம் மட்டும் கைதட்டவில்லை. அவர் ஷாமியானாவை விட்டிறங்கி, புறப்பட்ட கோட்டருகே வந்து நின்றிருந்தார். கோட்டிலிருந்து செம்மண்ணில் வெள்ளை வெளேரென்று தடங்கள் போயின, மாவில் தோய்த்து வைத்ததுபோல், நடுவில் வளைவு விட்டுவைக்க வேண்டிய இடைவெளி கீறல் அளவுகூட இல்லாமல். பரமசிவம் கஞ்சி போட்ட பேன்ட்டை முழங்காலில் தூக்கிவிட்டுக்கொண்டு மெல்லக் குந்தினார். முதல் தடத்தின்மேல் உள்ளங்கையை விரித்து வைத்தார். பிறகு தலையைத் தூக்காமலே கையசைத்து டாக்டரைக் கூப்பிட்டார். டாக்டரும் வந்து குனிந்தார்.

இரண்டு பேரும் குனிந்திருந்தது சம்பங்கியின் பாதையில். இன்னும் ஒரு சுற்று பாக்கி இருந்தது. அவன் வேகத்தைக் குறைக்கவில்லை. ஒவ்வொரு அடிக்கும் அந்த இரண்டு வெள்ளைச் சட்டை முதுகுகளும் பெரிசாகிக்கொண்டே வந்தன.