வலப்பக்கத்து நிலக்கரி அறை

கப்பலின் வலப்பக்கத்து நிலக்கரி அறையின் இரும்புக் கதவு வெளியிலிருந்து சாத்தப்பட்டபோது இசாக்குவுக்குப் பயம் வரவில்லை. போர்ப் பயிற்சிக்கு எக்காளம் ஊதிவிட்டால் கீழ்த்தளத்துக் கதவுகள் எல்லாவற்றையும் சாத்தியாக வேண்டும். தாமதித்தவன் முதுகில் கயிற்றடி விழும். சாத்தியவனும் அயலான் இல்லை, மனைவி ஓயோனேயின் அண்ணன் குமாஜோ.

"செத்த நேரம் உள்ளயே இரு மாப்ளே. பயிற்சி முடிஞ்சதும் தெறந்து விடுறேன்."

"உனக்கென்ன மச்சான், சொல்லிட்டே. இங்க வேகுது."

கரியைச் சமன்படுத்த மண்வெட்டியோடு உள்ளே போயிருந்த இசாக்கு, கப்பலின் வெளிச்சுவர் ஓரமாகச் சாய்ந்து உட்கார்ந்தான். மேலே பீரங்கி இடப்பக்கம் திரும்பியது அப்போதுதான்.

'தகாமினே' என்ற இந்தப் போர்க்கப்பலை வரைந்த மகானுபாவனுக்குச் சீனர்களின் இரும்புக் கப்பல்களைத் துளைக்க ஒரு ராட்சதப் பீரங்கி வேண்டியிருந்தது. அதைச் சுமக்கிற அளவுக்குக் கப்பல்தான் பெரிதாக இல்லை. பக்கங்களுக்கு இரும்புக் கவசம் போட்டால் கனம் தாங்காதென்று, ஓரமெல்லாம் நிலக்கரியை அடைத்துவிட்டான். குண்டு வந்தால் கரி வாங்கிக்கொள்ளுமாம். பீரங்கி எந்தப் பக்கம் திரும்பினாலும் கப்பலே அந்தப் பக்கம் சாயும், ஓரத்தில் ஒரு தடியன் ஏறி உட்கார்ந்த படகைப்போல.

தரை கதவுப் பக்கமாகச் சாய்ந்தது. கரிக்குன்று சரிந்து போய்க் கதவை மூடியது. உள்பக்கமாகத் திறக்கும் கதவு அது. வெளியே குமாஜோ தோளால் இடிப்பது கேட்டது, கதவு அசையவில்லை. அடுத்த அறையின் கொதிகலன் சுவரைச் சுட்டுக்கொண்டிருந்தது. தூசி தொண்டையில் அப்பியது. உள்ளே இருக்கும் காற்று எவ்வளவு நேரம் வரும்? அட்மிரல் மேல்தளத்தில் நின்று வேடிக்கை பார்க்கிறவரை பீரங்கி அங்கேயேதான் நிற்கும்.

"மாப்ளே! உசிரோட இருக்கியா?"

"இருக்கேன். மூச்சு முட்டுது மச்சான்."

"என் தங்கச்சிக்கு நான் என்னடா பதில் சொல்லுவேன்! நான் மேல போறேன். யாரு கால்ல விழுந்தாவது பீரங்கிய வலப்பக்கம் திருப்பச் சொல்றேன். கரி தானா கதவ விட்டு நகந்துரும்."

இசாக்கு முதுகுக்குப் பின்னால் இருந்த வெளிச்சுவரைத் தடவினான். நகரும் கரி எங்கே வரும்? அவன் ஒண்டியிருக்கும் இந்தச் சுவருக்குத்தான் வரும்.

"வலப்பக்கம் வேணாம்! நடுவுல நிறுத்தச் சொல்லு! நானே வாரித் தள்ளிக்கிறேன்!"

அதற்குள் வெறுங்கால்கள் இரும்புப் படியில் தடதடவென்று ஏறிப் போயின. மேல்தளத்துக் காற்றையே அறியாத, கொதிகலனுக்குக் கரி தள்ளுகிற ஆள், கரி அப்பிய உடம்போடு அட்மிரல் முன் போய் நிற்கப் போகிறான். அவன் சொல்லை யாரும் கேட்கக் கூடாதே என்று இசாக்கு வேண்டிக்கொண்டான். மறுகணமே, கேட்காவிட்டால் செத்தோமே என்றும் நினைத்தான்.

மண்வெட்டியை எறிந்துவிட்டுக் குன்றின்மேல் கை ஊன்றி ஏறினான். ஏற ஏறக் கரி காலடியில் வழுக்கிக் கீழேயே கொண்டுவந்து விட்டது.

தலைக்கு மேல் பீரங்கியைத் திருப்பும் இயந்திரம் முனகத் தொடங்கியது. தரை மெல்ல மெல்ல நிமிர்ந்து சமமானது. இடமும் இல்லை, வலமும் இல்லை. இசாக்கு கரியின்மேல் இரண்டு உள்ளங்கைகளையும் வைத்து நின்றான். ஒரு துண்டுகூட அசையவில்லை. மேலே முனகல் இன்னும் நிற்கவில்லை.