கொசுறாக எடுத்த கரண்டி

இத்தாலியில் நான் பேரம் பேசியதைத் தாங்க முடியாமல் மூன்று வியாபாரிகள் கடையைக் கட்டிக்கொண்டு போய்விட்டார்கள் என்று எங்கள் ஊர் மரக்காணத்தில் சொல்லி வைத்திருக்கிறேன். அவர்கள் போனது உண்மை. சந்தை கலைகிற நேரம். மீதியை இதுவரை யாரிடமும் சொல்லவில்லை.

டூரின் நகரத்தில் வேலை பார்க்கும் என் மகள் தமிழ்நிலாவைப் பார்க்கப் போயிருந்தேன். ஜனவரி மாதம். குளிர் எப்படியென்றால், மூன்றாம் நாளே என் மீசையில் உப்பு விளைந்துவிட்டது. வாரிப் பார்த்தால் பனி. சனிக்கிழமை, தெருவில் விரிப்பு போட்டுப் பழைய சாமான் விற்கும் சந்தைக்கு அழைத்துப் போனாள்.

"வாராவாரம் நான் இங்கதான் வாங்குறேன். என் மானத்த வாங்கிடாதப்பா."

"அது எனக்கு எதுக்கும்மா? கோட்டு மட்டும் போதும்."

என் வயதுக் கிழவி ஒருத்தி கம்பளிக் கோட்டு வைத்திருந்தாள். இருபது யூரோ என்றாள். நான் ஐந்து விரலைக் காட்டினேன். பதினைந்து என்றாள். கோட்டை மோந்து பார்த்து முகத்தைச் சுளித்தேன். பத்துக்கு இறங்கினாள். பணத்தைக் கொடுத்து, கோட்டை மாட்டிக்கொண்டு, விரிப்பில் கிடந்த சின்னக் கரண்டி ஒன்றை எடுத்துப் பையில் போட்டுக்கொண்டு நடந்தேன்.

என் உப்பளத்துக்கு வரும் லாரிக்கார ஐயப்பன், மூட்டை ஏற்றி முடித்ததும் தன் வீட்டுக்கு ஒரு சட்டி உப்பு அள்ளிக்கொள்வான். கேட்கவும் மாட்டான், நான் பார்க்கவும் மாட்டேன். கொசுறு இல்லாத வியாபாரம் எனக்குத் தெரியாது.

பக்கத்து விரிப்புக்காரன் கத்தினான். சந்தையே திரும்பிப் பார்த்தது.

"அப்பா, என்னத்த எடுத்த?"

"கொசுறும்மா."

"ஐயோ! இங்க இதுக்குப் பேரு திருட்டுப்பா. குடுத்துடு."

கரண்டியை நீட்டினேன். தமிழ்நிலா தலையைக் குனிந்துகொண்டு அவர்கள் மொழியில் ஏதோ கெஞ்சினாள். பள்ளிக்கூடத்தில் ஃபெயிலான அன்றுகூட அவள் அப்படி நின்றதில்லை.

கிழவி, சாக்ஸுக்கு மேல் நான் போட்டிருந்த ரப்பர் செருப்பைப் பார்த்தாள். பிறகு அந்தப் பத்து யூரோவை என் கையில் திணித்தாள். கரண்டியையும் வைத்தாள். கன்னத்தைத் தட்டி ஏதோ சொன்னாள்.

"என்ன சொல்றாங்க?"

"பாவம், இல்லாதவரு. கேட்டிருந்தா சும்மாவே குடுத்திருப்பேனேங்கறாங்க."

என் காது இரண்டும் சுட்டன. அந்த ஊரில் அன்று சூடாக இருந்தவை அவை மட்டும்தான்.

"எனக்கு நாப்பது உப்புப் பாத்தி இருக்குதுன்னு சொல்லும்மா. பணத்தத் திருப்பிக் குடு."

"வேணாம்ப்பா." அவள் கண் நிறைந்திருந்தது. "இல்லாதவருன்னுதான் விட்டாங்க. இருக்குறவருன்னு தெரிஞ்சா நான் இந்தப் பக்கமே தலைகாட்ட முடியாது."

வாங்கிக்கொண்டேன். கும்பிட்டேன். இன்னும் கொஞ்சம் இல்லாதவனாகத் தெரியட்டும் என்று முதுகையும் வளைத்துக்கொண்டேன். சந்தை முனையைத் தாண்டும்வரை நிமிரவில்லை. தாண்டிய பிறகு நிமிரப் பார்த்தேன், வரவில்லை.