எட்டாவது ஸ்லைடு

நூற்றுப் பதினெட்டாவது பைல் திறந்தது, ஒரு கணம் முகத்தைக் காட்டியது, மூடிக்கொண்டது. அடுத்து நூற்றுப் பத்தொன்பது. அவள் மேஜையில் முழங்கையை ஊன்றி, கன்னத்தில் கை வைத்துத் திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். பார்க்க வேண்டிய அவசியமே இல்லை. மொத்தம் முந்நூற்று நாற்பது பைல்களையும் நிரல் தானாகவே ஒவ்வொன்றாகத் திறந்து, பெயரின் கடைசி எழுத்தை மாற்றிச் சேமித்து, மூடிவிடும். ஒரு பொத்தானை அழுத்திவிட்டு அவள் டீ குடிக்கப் போயிருக்கலாம். ஆனால் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்க்காவிட்டால் அவளுக்கு எந்த வேலையும் முடிந்த மாதிரி இருக்காது.

அது பேருந்து ஓட்டுநர்களுக்குப் பயிற்சி கொடுக்கும் நிலையம். பாடங்களெல்லாம் பிரசன்டேஷன் பைல்களாக சர்வரில் கிடந்தன. இனி ஒவ்வொரு பாடத்துக்குள்ளும் ஒரு குட்டி நிரல் இருக்க வேண்டும் என்று மேலிடம் உத்தரவு போட்டிருந்தது. பாடத்தை யார் திறந்தார், எத்தனை மணிக்குத் திறந்தார், கடைசி ஸ்லைடு வரை போனாரா என்பதையெல்லாம் அது குறித்துக்கொள்ளுமாம். மேக்ரோ என்று அதற்குப் பெயர். சாதாரண பைலுக்குள் மேக்ரோ தங்காது என்பதால் எல்லாவற்றையும் மேக்ரோ ஏற்கும் வகைக்கு மாற்ற வேண்டியிருந்தது. “எங்க மேல நம்பிக்கை இல்லேன்னா நேரா சொல்லிடலாமே, பைலுக்குள்ள ஆள் வெச்சு வேவு பாக்கணுமா?” என்று பயிற்சியாளர்கள் வராந்தாவில் நின்று முணுமுணுத்தார்கள். அவள் அதில் கலந்துகொள்ளவில்லை. மாற்றச் சொன்னால் மாற்றுவாள்.

நூற்று நாற்பதைத் தாண்டியதும் அண்ணனின் பைல்கள் வர ஆரம்பித்தன. இந்த நிலையத்தில் பதினெட்டு வருடம் பாடம் எடுத்தவர் அவர். அவளை இங்கே வேலைக்குச் சேர்த்துவிட்டவரும் அவர்தான். இறந்து ஏழு மாதமாகிறது. வகுப்பு முடிந்து படிக்கட்டில் இறங்கும்போது நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவர், பிறகு எழுந்திருக்கவில்லை. அவருடைய எல்லாப் பாடங்களும் ஒரே மாதிரிதான் தொடங்கும். நீலப் பின்னணி, கடைசி வரிசையில் தூங்குகிறவனுக்கும் தெரிகிற அளவுக்குப் பெரிய எழுத்தில் அவர் பெயர், அதன் கீழே ஒரு வரி: ‘சந்தேகம் இருந்தால் என்னைக் கேளுங்கள். இல்லாவிட்டால் நான் உங்களைக் கேட்பேன்.’ அறுபத்தொரு முறை அந்த வரி வந்து வந்து மறைந்தது. இருபதாவது தடவையிலேயே அவளுக்கு அழுகை வந்துவிட்டது. ஆபீஸில் அழுவது அவளுக்குப் பிடிக்காது. எழுந்து போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்து உட்கார்ந்தாள்.

அழுகையோடு கொஞ்சம் பெருமையும் இருந்தது. மூன்று வருடமாகக் குப்பைமேடாகக் கிடந்த ஃபோல்டர்களை அவள்தான் ஒழுங்கு செய்திருந்தாள். வேறு வகைப் பைல்கள் குறுக்கே கிடந்தால் நிரல் இடறி நின்றுவிடும். அதனால் பிரசன்டேஷன் மட்டும் இருக்கட்டும் என்று பன்னிரண்டு நாளுக்கு முன்பே ஒரு காலை முழுவதும் உட்கார்ந்து மற்றதையெல்லாம் அழித்தாள். பழைய கடிதங்கள், யாரோ போட்டுவைத்த பூப்படங்கள், எண்களே பெயராக இருந்த ஏதேதோ பைல்கள், எல்லாம் போயின. சின்ன வயதிலிருந்தே அவள் கை அப்படித்தான். ஒரு பொருள் இரண்டு நாள் ஒரே இடத்தில் கிடந்தால் மூன்றாம் நாள் காணாமல் போகும். “முனிசிபாலிட்டி வந்துடுச்சு, எல்லாரும் அவங்கவங்க சாமானை எடுத்து ஒளிச்சு வைங்க” என்று அண்ணன் கத்துவார். வீட்டில் அவளுக்கு அதுதான் பெயர். முனிசிபாலிட்டி.

அந்தக் கை அண்ணியின் வீட்டிலும் ஒருமுறை வேலை செய்தது. அண்ணன் போன மூன்றாவது வாரம், அண்ணி மாத்திரை போட்டுக்கொண்டு தூங்கிய ஒரு மதியத்தில், அவள் அலமாரியைத் திறந்து அண்ணனின் சட்டைகளையெல்லாம் மடித்து மூன்று பைகளில் கட்டி, தெருக்கோடியிலிருந்த ஆதரவற்றோர் இல்லத்தில் கொடுத்துவிட்டு வந்தாள். கண்ணில் பட்டுக்கொண்டே இருந்தால் அண்ணிக்குத் தாங்காது என்று நினைத்தாள். நல்லது செய்வதாகத்தான் நினைத்தாள். அண்ணி விழித்து, காலி அலமாரியின் முன்னால் நின்று, “துவைக்காத சட்டை ஒண்ணு கதவுக்குப் பின்னாடி மாட்டியிருந்தது. அதையுமா?” என்று மட்டும் கேட்டாள். அதையும்தான். அதன் பிறகு அண்ணி அவளிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை. பெண் குழந்தையை மட்டும் ஞாயிற்றுக்கிழமைகளில் அனுப்பிவைப்பாள்.

அந்த அண்ணி நான்கு நாளைக்கு முன்னால் தானாகவே போன் செய்தாள்.

“உன்கிட்ட ஒண்ணு கேக்கணும்” என்றாள். “பாப்பா நேத்து அழுதா. அப்பா குரல் மறந்து போகுதும்மாங்கறா. வீட்டுல இருக்கற வீடியோ எல்லாம் அவர் எடுத்தது. எடுக்கறப்ப அவர் பேசவே மாட்டாரு, சத்தம் கெட்டுடும்னு. பாப்பா பொறக்கறதுக்கு முன்னாடி லீவு போடணும்னு அஞ்சு பாடத்தைப் பேசிப் பதிவு பண்ணி ஆபீஸ்ல குடுத்தாரே, ஞாபகம் இருக்கா? அதுல பிரேக் பாடம் ஒண்ணு. நிறுத்தும் தூரம்னு பேரு. அது ஒண்ணு கெடைச்சாப் போதும்.”

“எல்லாம் பத்திரமா இருக்கு அண்ணி. பைல் மாத்தற வேலை நடக்குது. வெள்ளிக்கிழமை முடிஞ்சிடும். அஞ்சையும் ஒழுங்கா எடுத்துத் தரேன், நீங்க மத்தியானமா வாங்க” என்றாள் அவள். போனை வைத்த பிறகு, அண்ணி மறுபடி பேசிவிட்டாள் என்ற சந்தோஷத்தில் அன்று முழுவதும் அவளுக்குக் கால் தரையில் பாவவில்லை.

இன்று வெள்ளிக்கிழமை. பதினொன்றரை மணிக்கு முந்நூற்று நாற்பதும் முடிந்தது. தவறு ஒன்றும் இல்லை என்று நிரல் சொன்னது. அவள் முதல் வேலையாக ‘நிறுத்தும் தூரம்’ பைலைத் திறந்தாள். ஸ்லைடின் மூலையில் ஒலிபெருக்கிப் படம் போட்ட குட்டிச் சின்னம் இருந்தது. அழுத்தினாள். சத்தமில்லை. ஒலியைக் கூட்டிப் பார்த்தாள். அடுத்த ஸ்லைடு, அதற்கடுத்த ஸ்லைடு. எல்லாவற்றிலும் சின்னம் இருந்தது, குரல் இல்லை. மாற்றியதில்தான் ஏதோ ஆகிவிட்டது என்று பதறி, மாற்றாத பழைய பைலை எடுத்துத் திறந்தாள். அதிலும் இல்லை. சின்னத்தின் மேல் வலது பக்கம் அழுத்தி, ஒலி எங்கே இருக்கிறது என்று தேடினாள். குரல் பைலுக்குள் இல்லை. பைல் கனத்துப் போகும் என்று அண்ணன் அதை வெளியே, அதே ஃபோல்டரில், ஸ்லைடுக்கு ஒன்றாகத் தனித்தனிப் பைல்களில் வைத்திருந்தார். அந்தப் பைல்களின் பெயர்கள் வெறும் எண்கள்.

அந்த எண்களை அவளுக்குத் தெரியும். பன்னிரண்டு நாளுக்கு முன்னால், இது என்ன சனியன், இவ்வளவு இடத்தை அடைத்துக்கொண்டு, என்று அவள் வாய்விட்டே சொல்லியிருந்தாள்.

சர்வர் அறைக்காரர் நல்ல மனிதர். அவள் முகத்தைப் பார்த்ததுமே சாப்பாட்டு டப்பாவை மூடி வைத்துவிட்டார். “இங்க அழிச்சா குப்பைத்தொட்டிக்கெல்லாம் போகாதுங்க, நேராப் போயிடும். என்னிக்கு அழிச்சீங்க?” என்றார்.

“பன்னண்டு நாளாச்சு.”

அவர் உச்சுக் கொட்டினார். “பத்து நாளைக்கு மேல நாங்க காப்பி வெச்சிருக்கறதில்லையே. முந்தாநாள் காலைல வந்திருந்தாக்கூட எடுத்துக் குடுத்திருப்பேன்.”

முந்தாநாள். அண்ணி போன் செய்தது அதற்கும் இரண்டு நாள் முன்னால். அன்றைக்கே ஒரு தடவை திறந்து பார்த்திருந்தால் போதும். எல்லாம் முடியட்டும், ஒழுங்காக எடுத்துத் தருகிறேன் என்றாளே. அந்த ஒழுங்கை அவள் அங்கேயே நின்று மனதாரச் சபித்தாள்.

பக்கத்து மேஜைத் தட்டச்சர் விஷயத்தைக் கேட்டுவிட்டு, குரலைத் தாழ்த்தி, “மாத்தும்போது போயிடுச்சுன்னு சொல்லிடேன்” என்றாள். “மேக்ரோவாம், கன்வெர்ஷனாம், இதெல்லாம் யாரு கண்டா? கம்ப்யூட்டர் மேல போட்டுடு. அதுக்கென்ன வலிக்கவா போகுது?”

அவளுக்கும் அது சரியென்றே பட்டது. மாற்றும்போது போய்விட்டது. எத்தனை சுலபமான வாக்கியம். கழிவறைக் கண்ணாடி முன்னால் நின்று இரண்டு முறை சொல்லியும் பார்த்தாள். அண்ணி இப்போதுதான் பேச ஆரம்பித்திருக்கிறாள். உண்மையைச் சொன்னால் ஞாயிற்றுக்கிழமைப் பாப்பாவும் வராமல் போகலாம். அண்ணன் வீடென்று போக அவளுக்கு வேறு வாசல் இல்லை.

மூன்று மணிக்கு அண்ணி வந்தாள். நன்றாக வாரிய தலை, வெளியே போகக் கட்டும் புடவை. அவள் பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, பையிலிருந்து ஒரு பென் டிரைவை எடுத்து வைத்தாள். பிறகு பிரிக்காத ஒரு அட்டைப்பெட்டி. அதற்குள் காதை முழுக்க மூடுகிற ஹெட்போன்.

“கடைக்காரர் இதுல மூச்சு விடறதுகூடக் கேக்கும்னாரு” என்று சொல்லி, லேசாகச் சிரித்தாள். பெட்டியைப் பிரித்து அதைத் தலையில் மாட்டிக்கொண்டாள். எங்கே செருகுவதென்று தெரியாமல் ஒயரின் நுனியைக் கையில் பிடித்தபடி, “ம், போடு” என்றாள்.

சொல்ல வேண்டிய வாக்கியம் வாய் வரைக்கும் வந்தது. மாற்றும்போது போய்விட்டது அண்ணி. ஆனால் அந்த ஒயர் நுனியைப் பார்த்ததும் அவளால் முடியவில்லை.

“அண்ணி, அந்தக் குரல் பைலையெல்லாம் நான் அழிச்சிட்டேன்.”

அண்ணி ஹெட்போனை ஒரு பக்கம் மட்டும் காதிலிருந்து நகர்த்தினாள். “என்னது?”

“குப்பைன்னு நெனச்சுட்டேன் அண்ணி. சுத்தம் பண்றேன்னு அழிச்சிட்டேன். நீங்க கேட்ட அன்னிக்குத் தேடியிருந்தாக்கூடக் கெடைச்சிருக்கும். நான் தேடல.”

தட்டச்சர் தட்டுவதை நிறுத்திவிட்டாள். அண்ணி அவளையே பார்த்தாள். அண்ணி கோபப்பட்டிருந்தால் அவள் தாங்கியிருப்பாள். அண்ணியின் முகத்தில் களைப்புதான் இருந்தது.

“சட்டை மாதிரியா?” என்றாள் அண்ணி.

“ஆமா அண்ணி.”

அவளுக்குக் கண்ணீர் வழிந்தது. துடைத்துக்கொள்ளவில்லை. அண்ணி திரையைத் திரும்பிப் பார்த்தாள். எழுந்து போய்விடுவாள் என்று அவள் நினைத்தாள். அண்ணி போகவில்லை. நகர்த்திய ஹெட்போனைத் திரும்பக் காதில் சரியாக வைத்துக்கொண்டாள்.

“படமாவது இருக்கில்ல? காட்டு.”

அவள் பாடத்தை முழுத்திரையில் ஓடவிட்டாள். நீலம், அண்ணனின் பெயர், சந்தேகம் இருந்தால் என்னைக் கேளுங்கள். அடுத்ததற்குப் போக அவள் மவுஸை எடுப்பதற்குள் ஸ்லைடு தானாகவே மாறியது. அவள் கையை இழுத்துக்கொண்டாள். இரண்டாவது ஸ்லைடில் நான்கு வரிகள் இருந்தன. அது கொஞ்சம் கூடுதலாக நின்றது. மூன்றாவது சட்டென்று போயிற்று. நான்காவது நின்று நின்று போயிற்று. அப்போதுதான் அவளுக்குப் புரிந்தது. அண்ணன் ஒவ்வொரு ஸ்லைடிலும் எவ்வளவு நேரம் பேசினாரோ அந்த நேரம் பைலுக்குள்ளேயே தங்கியிருந்தது. அதை அவள் அழிக்கவில்லை. அழிக்கலாம் என்று தெரிந்திருந்தால் அதையும் அழித்திருப்பாள். மாற்றியதிலும் அது போகவில்லை. குரல் இருந்த இடமெல்லாம் வெறும் நேரமாக இருந்தது.

அண்ணியும் அதைக் கண்டுகொண்டாள். உதடுகள் லேசாக அசைந்தன. ஐந்தாவது ஸ்லைடில் தலையாட்டினாள். ஆறாவது ஓர் அட்டவணை. “இதை இழுப்பாரு பாரு” என்றாள். இழுத்தார்.

எட்டாவது ஸ்லைடில் எழுத்தே இல்லை. ஒரு தெரு, எதிரே வருகிற பேருந்து, நடுச்சாலையில் ஒரு சிவப்புப் பந்து. பந்தைப் பார்த்ததும் பின்னால் குழந்தை வருமென்று ஓட்டுநருக்குத் தெரிய வேண்டும், அதற்கான படம். இரண்டு வார்த்தை பேசினால் தீர்ந்துவிடும். ஸ்லைடு நின்றது. அரை நிமிடம். ஒரு நிமிடம். இரண்டாவது நிமிடத்தில் அவள் இயந்திரம் உறைந்துவிட்டது என்றே முடிவு செய்தாள். இதுவும் கெட்டுப்போனதா? மவுஸை நோக்கிக் கையை நீட்டினாள்.

அண்ணி அந்தக் கையை அப்படியே பிடித்துக்கொண்டாள். “தொடாத.”

“மாட்டிக்கிச்சு போலிருக்கு அண்ணி.”

“மாட்டல. அவரு எழுந்து போயிருக்காரு.” அண்ணி திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. “எனக்கு அப்ப மாசம் முழுசா ஆகியிருந்துச்சு. கால் நகம் வெட்டலாம்னு தரையில உக்காந்தேன். எழுந்திருக்க முடியல. சத்தம் போட்டுக் கூப்பிட்டேன். இவரு உள் ரூம்ல பேசிப் பதிவு பண்ணிட்டிருந்தாரு, அதை அப்படியே ஓடவிட்டுட்டு வந்தாரு. தூக்கி விடுவாருன்னு பாத்தா, விழுந்து விழுந்து சிரிச்சிட்டு, அவரும் பக்கத்துல உக்காந்துட்டாரு. நகத்தையெல்லாம் அவருதான் வெட்டி விட்டாரு. அப்புறம் பாதில ஞாபகம் வந்து, ஐயையோ பாடம் ஓடுதேன்னு எழுந்து ஓடினாரு.”

“இது எனக்குத் தெரியாதே அண்ணி.”

“உனக்கு எப்படித் தெரியும்?” என்றாள் அண்ணி. பிடித்த கையை அவள் விடவில்லை. ஹெட்போனின் ஒயர் எதிலும் செருகாமல் அவள் மடியில் கிடந்தது. “இரு. இப்ப வந்துடுவாரு.”

இருவரும் அசையாமல் உட்கார்ந்திருந்தார்கள். திரையில் பேருந்து வந்துகொண்டே இருந்தது. பந்து இன்னும் நடுச்சாலையில்தான் கிடந்தது.