எல்லையம்மாள் ஆட்டின் விலாசம்

ஆதிநல்லூர் நகராட்சிப் பூங்காவில் பூவென்று சொல்ல நாலு அரளிச் செடிதான். மற்றபடி கால் உடைந்த சிமெண்டு பெஞ்சுகள், நடுவில் ஒரு ரேடியோ அறை, அதன் மொட்டைமாடியில் திசைக்கொன்றாக வாய் பிளந்த நாலு ஒலிபெருக்கி. சாயங்காலம் ஏழேகாலுக்கு டெல்லித் தமிழ்ச் செய்தி வரும். அதற்கு முன்னால் பத்து நிமிஷம் நகராட்சி அறிவிப்பு. எந்தத் தெருவுக்குக் குழாய்த் தண்ணீர் வராது, அம்மை குத்த எப்போது வருகிறார்கள், யார் வீட்டில் கல்யாணம், யார் மாடு காணோம், எல்லாம் அந்தப் பத்து நிமிஷத்தில் அடக்கம். வீட்டுக்குப் பேப்பர் வாங்குகிற பெரிய மனுஷன்கூட அதைக் கேட்டுவிட்டுத்தான் சாப்பிட உட்காருவான்.

எல்லையம்மாளுக்கு அந்த ரேடியோ அறையைக் கண்டாலே பற்றிக்கொண்டு வரும். ஆனால் அது அவள் ஆட்டுக்குத் தெரிய வேண்டாமா? மாதத்துக்கு ஒரு தடவையாவது கயிற்றை அறுத்துக்கொண்டு கிளம்பிவிடும்.

"வா எல்லையம்மா. இந்த மாசம் உன் ஆடு இன்னும் காணாமப் போகலையேன்னு இப்பதான் கவலப்பட்டுக்கிட்டு இருந்தேன்" என்பான் பஞ்சநாதன். அவன்தான் ரேடியோ ஆபரேட்டர். நகராட்சிச் சம்பளம், எண்ணெய் தடவிய சுருட்டை முடி, மேடைப் பேச்சு கேட்டுக் கேட்டுக் கெட்டுப்போன நாக்கு.

"சிரிக்காம எழுதுங்க ரேடியோ சாரு. கறுப்பு ஆடு, பொட்டை, எடது கொம்பு பாதிதான்."

"அது ஊருக்கே மனப்பாடம். விலாசத்தச் சொல்லு."

"தெரியாதாக்கும்! களத்துமேடு, சேர்மன் களத்துல மூணாவது குடிசை."

காலிகோ அட்டை போட்ட நீள நோட்டில் தேதி, பெயர், விலாசம், காணாமல் போனது இன்னதென்று வரிசையாக எழுதுவான். பிறகு அவள் இடது பெருவிரலைப் பிடித்து மைத்திண்டில் அமுக்கி நோட்டில் உருட்டுவான். அந்த ஊதா மை நூறு முடி நாற்றுப் பறித்தாலும் போகாது. அதோடு விட்டானா? மைக்கைப் பிடித்ததும் அவனுக்குச் சாமி வந்துவிடும்.

"அன்பார்ந்த ஆதிநல்லூர்ப் பெருமக்களே! அன்னை எல்லையம்மாளின் அருமை ஆடு, அடக்கமறியா ஆடு, அந்தி சாயும் நேரத்தில் அவிழ்த்துக்கொண்டு அகன்றுவிட்டது! கண்டவர்கள் களத்துமேட்டில், சேர்மன் களத்தில், மூன்றாவது குடிசையில் கண்ணியத்தோடு கட்டிவிடவும்!"

பூங்கா முழுக்கச் சிரிக்கும். மறுநாள் மீன் வாங்கப் போனால் பூவம்மாள் கூடையைத் திறக்குமுன், "என்னக்கா, அகன்ற ஆடு திரும்பிருச்சா?" என்பாள். கூட நிற்கிறவர்களும் சிரிப்பார்கள். "கட்டையில போறவன்" என்று எல்லையம்மாள் பஞ்சநாதனைத் திட்டிக்கொண்டே வீடு வந்தால், ஆடு சேர்மன் மாந்தோப்பில் ஒட்டுக்கன்றுகளை ஒரு கை பார்த்துவிட்டு வாசலில் அசைபோட்டுக்கொண்டிருக்கும். நாலு வருஷமாக இதே கூத்துதான்.

நகராட்சிச் சேர்மன் உலகநாதனைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஊருக்குள் மாந்தோப்பு, நகராட்சி எல்லைக்கல்லுக்கு அந்தப் பக்கம் களத்துமேட்டைச் சுற்றி எண்பது ஏக்கர் நஞ்சை. நில உச்சவரம்புச் சட்டம் வந்ததும் அதில் பாதியைச் சமையல்காரன், வண்டிக்காரன், செத்துப்போன அத்தை என்று பிரித்து எழுதிவைத்துவிட்டு ஏழையாகிவிட்டார். போன ஆட்சியில் கதர் கட்டினார், இந்த ஆட்சியில் கரைவேட்டி. ரேடியோவில் தன் பெயர் வராத நாள் அவருக்குச் சோறு இறங்காது. புதுக் குழாய் திறந்ததிலிருந்து தன் தோப்பில் எவன் ஆடு மேய்ந்தது என்பது வரைக்கும் கைப்பட எழுதி, கையெழுத்தும் சேர்மன் முத்திரையும் போட்டு, "இதை இன்றே வாசிக்கவும்" என்று அனுப்புவார். பஞ்சநாதன் வாசித்துவிட்டு அந்தக் கடிதத்தையும் நோட்டில் ஒட்டிவைப்பான்.

எழுபத்தொன்றில் குடியிருப்பு மனைச் சட்டம் வந்தது. அதையும் பஞ்சநாதன்தான் வாசித்தான். அந்த வருஷம் ஜூன் மாதத்தில் எந்த விவசாயக் கூலி எந்த மனையில் குடியிருந்தாரோ, அந்த மனை அவருக்கே சொந்தம். பூங்காவின் ஓரத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்த எல்லையம்மாள் விரல்விட்டு வருஷத்தை எண்ணினாள். கல்யாணமாகி அந்தக் களத்துமேட்டுக்கு வந்து இருபத்தாறு வருஷம். புயலில் மூன்று தடவை சுவர் கரைந்து, மூன்று தடவையும் அவளே மண் குழைத்து எழுப்பியிருந்தாள். புருஷன் செத்ததும் அங்கேதான். அது தன் வீடு என்று ஒரு நாள்கூட அவள் வாய்விட்டுச் சொன்னதில்லை.

பதினொரு குடிசைக்காரர்களும் விவசாயச் சங்கத்து ஆளைப் பிடித்து மனு போட்டார்கள். சேர்மன் ஒரே வரியில் பதில் கொடுத்தார். 'அது என் நெல் அடிக்கும் களம்; ஜூன் மாதம் அங்கே ஒரு ஈ காக்கை இல்லை; சட்டம் வந்த பிறகு கொடி பிடிக்கிறவர்கள் வந்து போட்ட குடிசைகள்.' நிலக் கணக்கு எழுதுகிற கர்ணம் சேர்மனுக்கு மச்சினன். அவர் தன் அடங்கல் கணக்கைப் புரட்டி, 'களம், காலி' என்று ஒப்பித்தார். ஓட்டர் லிஸ்டில் அவர்கள் பெயர் இருந்தது, ஆனால் வீட்டு நம்பர் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு கோடுதான் இருந்தது.

தாசில்தார் லியாகத் அலி கறாரான ஆள். காசும் வாங்க மாட்டார், காபியும் வாங்க மாட்டார். "ஜூனுக்கு முந்தி நீங்க அங்க இருந்ததுக்கு ஒரு காகிதம் காட்டுங்கம்மா. வர்ற வெள்ளிக்கிழமை சாயங்காலம் பூங்கா படிப்பகத்துல கேம்ப் போடுறேன். அதுதான் கடைசி வாய்தா" என்றார்.

"காகிதம் இல்லேன்னா சனிக்கிழமை காலையில டிராக்டர் வரும். தை அறுப்புக்குக் களம் வேணும்ல" என்று சேர்மன் ஆள் வந்து சொல்லிவிட்டுப் போனான். பதினொரு குடிசையிலும் அன்றைக்கு யாரும் சரியாகச் சாப்பிடவில்லை. கீழ்வேளூர்ப் பக்கம் கூடக் கூலி கேட்டவர்களின் சேரியை ஆட்களோடு எரித்து மூன்று வருஷம்தான் ஆகியிருந்தது. அதை யாரும் வாயால் சொல்லவில்லை, எல்லோருக்கும் ஞாபகம் இருந்தது.

மறுநாள் வாய்க்காலில் பாத்திரம் தேய்க்கும்போது எல்லையம்மாள் தன் பெருவிரலைப் பார்த்தாள். போன வாரத்து ஊதா மை இன்னும் நகக்கண்ணில் இருந்தது. சட்டியை அப்படியே போட்டுவிட்டு எழுந்து நடந்தாள்.

பஞ்சநாதன் ரேடியோவைத் துடைத்துக்கொண்டிருந்தான். "என்ன, மறுபடியுமா?" என்று பேனாவைத் திறந்தான்.

"ஆடு கெடக்கு. அந்த நோட்டு வேணும். தாசில்தார்கிட்ட காட்டணும். நாலு வருசமா நான் எங்க இருக்கேன்னு நீங்கதான எழுதியிருக்கீங்க."

அவன் முகம் சுண்டிப்போனது. எழுந்து போய்க் கதவைச் சாத்தினான். "எல்லையம்மா, மெதுவாப் பேசு. என் சம்பள பில்லுல கையெழுத்துப் போடுறதே சேர்மன்தான். எனக்கு ரெண்டு பொண்ணு. இந்த நோட்டு அறைய விட்டு வெளிய போகக் கூடாது. நானும் என் இஷ்டத்துக்கு மைக்குல எதையும் பேச முடியாது. யாராவது அறிவிப்புக் குடுத்தா வாசிப்பேன், அவ்வளவுதான். ரூல்ஸ்."

எல்லையம்மாளுக்கு வந்த கோபத்தில் மரியாதை பறந்துவிட்டது. "ரூல்ஸாம்ல! நாலு வருசமா என் ஆட்ட வச்சு ஊரையே சிரிக்க வச்சியே, அது எந்த ரூல்ஸு? சந்தையில தல நிமிந்து நடக்க முடியல. அம்புட்டையும் பொறுத்துக்கிட்டேன்ல? அதுக்கு நீ எனக்குக் கூலி குடுக்க வேணாமா?"

பஞ்சநாதன் நோட்டை இழுத்து மூடினான். அவள் கதவைத் திறந்துகொண்டு வெளியேறினாள். வழியெல்லாம் அழுதாள். அழுகையினூடே அவன் சொன்னதைத் திரும்பத் திரும்ப மென்றுகொண்டிருந்தாள். யாராவது அறிவிப்புக் கொடுத்தால் வாசிப்பானாம்.

வெள்ளிக்கிழமை மத்தியானம் அவள் ஆட்டை அவிழ்த்துவிட்டாள். அது நம்ப முடியாமல் அவளையே பார்த்தது. "போடி. என்னைக்கும் இல்லாத மாதிரி நிக்கிறா. போய்த் தொலை" என்று ஒரு குச்சியை வீசியதும் ஒரே ஓட்டம்.

படிப்பகம் ரேடியோ அறைக்கு இருபதடி தள்ளி. தாசில்தார் மேஜை போட்டு உட்கார்ந்திருந்தார். பக்கத்து நாற்காலியில் சேர்மன், பின்னால் கர்ணம். வெளியே சன்னலைப் பிடித்துக்கொண்டு பாதி ஊர். சங்கத்து ஆள் சட்டப்புத்தகத்தைத் தூக்கித் தூக்கிப் பேசினார். சேர்மன் விசிறிக்கொண்டே, "பேச்செல்லாம் சரி. காகிதம் எங்க?" என்று கேட்டார். மணி ஏழாயிற்று.

"காகிதம் இல்லேன்னா நான் என்னம்மா பண்றது?" என்று தாசில்தார் பேனாவை எடுத்தார்.

எல்லையம்மாள் எழுந்தாள். "ஐயா, ஒரு பத்து நிமிசம் பொறுங்க. ஆடு காணோம். ரேடியோவுல சொல்லிட்டு ஓடியாந்துர்றேன்."

படிப்பகமே சிரித்தது. சேர்மன் தொப்பை குலுங்கச் சிரித்தார். "போயிட்டு வா. வீடு இல்லேன்னாலும் ஆடாவது இருக்கட்டும்" என்றார். தாசில்தார் கடிகாரத்தைப் பார்த்துவிட்டுப் பேனாவை மூடினார்.

ரேடியோ அறையில் அவள் மூச்சு வாங்க நின்றாள். "அறிவிப்புக் குடுக்க வந்திருக்கேன். கறுப்பு ஆடு, எடது கொம்பு பாதி. நெசமாவே காணோம். வாசிப்பீங்கள்ல?"

பஞ்சநாதன் அவளைப் பார்த்தான், சன்னல் வழியாகப் படிப்பகத்தைப் பார்த்தான். நெற்றி வியர்த்திருந்தது. நோட்டை இழுத்து எழுதி, அவள் விரலை மையில் அமுக்கினான். பிறகு மைக்கைத் தட்டினான்.

"அன்பார்ந்த ஆதிநல்லூர்ப் பெருமக்களே. எல்லையம்மாளின் ஆடு காணவில்லை." வெளியே சிரிப்பு எழுந்தது. "அடிக்கடி காணாமல் போகும் கால்நடை என்பதால், நகராட்சி விதிப்படி முந்தைய அறிவிப்புகள் நினைவூட்டப்படுகின்றன."

அப்படி ஒரு விதி எந்த நகராட்சியிலும் கிடையாது. அந்த நிமிஷத்தில் அவனே பெற்றுப் போட்டது. நோட்டை அங்கங்கே புரட்டி வாசித்தான்.

"அறுபத்தெட்டு மார்ச் மூன்று. எல்லையம்மாள், களத்துமேடு, சேர்மன் களத்தில் மூன்றாவது குடிசை. ஆடு காணவில்லை. அறுபத்தெட்டு மே இருபது. எல்லையம்மாள், களத்துமேடு, சேர்மன் களத்தில் மூன்றாவது குடிசை. ஆடு காணவில்லை. அறுபத்தொன்பது பொங்கல் மறுநாள்..."

முதல் ஐந்துக்கு ஊர் சிரித்தது. ஆறாவதற்குச் சன்னலோரம் யாரோ, "ஏய், சும்மா இருங்கடா" என்றார்கள். பத்தாவதற்குள் பூங்கா அமைதியாகிவிட்டது. சேர்மன் விசிறுவதை நிறுத்தியிருந்தார்.

"எழுபது ஆகஸ்ட் பதினொன்று. இது சேர்மன் அவர்கள் கைப்பட அனுப்பியது. அப்படியே வாசிக்கிறேன். 'என்னுடைய களத்துமேட்டில் என் தயவில் பதினொரு குடிசை போட்டுக் குடியிருக்கும் கூலிகளில் எல்லையம்மாள் என்பவளின் ஆடு என் தோப்பில் புகுந்து ஒன்பது ஒட்டுக்கன்றுகளை மேய்ந்துவிட்டது. இனிமேல் புகுந்தால் பவுண்டுப் பட்டியில் அடைக்கப்படும். இப்படிக்கு உலகநாதன், சேர்மன்.' முத்திரை இருக்கிறது."

"டேய், அத நிறுத்தச் சொல்லுங்கடா!" என்று சேர்மன் நாற்காலி சாயும்படி எழுந்தார். கர்ணம் ஓடினார். அவர் போய்ச் சேர்வதற்குள் டெல்லி ஸ்டேஷன் பிடிபட்டு நாட்டு நடப்பு ஆரம்பமாகிவிட்டது. எல்லையம்மாள் நோட்டை மார்போடு அணைத்துக்கொண்டு கர்ணத்தை இடித்துத் தள்ளியபடி வெளியே வந்தாள். பின்னாலேயே பஞ்சநாதன், "அது வெளிய போகக் கூடாது, நானும் கூட வர்றேன்" என்று வந்தான்.

தாசில்தார் ஒவ்வொரு பக்கமாகப் புரட்டினார். மாதாமாதம் நகராட்சிக் கமிஷனர் பார்த்துக் கையெழுத்திட்டிருந்தார். ஒட்டியிருந்த கடிதத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். "இது உங்க கையெழுத்துதான?"

"அது... அது ஆட்டப் பத்துன நோட்டீஸு" என்றார் சேர்மன்.

"ஆட்டோட விலாசம் தெளிவாத்தான் இருக்கு" என்று சொல்லிவிட்டு லியாகத் அலி பேனாவைத் திறந்தார். பதினொரு மனைக்கும் பட்டா கொடுக்கலாம் என்று எழுதிக் கையெழுத்துப் போட அவருக்கு ஐந்து நிமிஷம்கூட ஆகவில்லை. வெளியே எவனோ விசில் அடித்தான். களத்துமேட்டுப் பெண்கள் ஒருவரையொருவர் கட்டிக்கொண்டு அழுதார்கள். எல்லையம்மாள் மட்டும் என்ன செய்வதென்று தெரியாமல் கையைப் பிசைந்துகொண்டு நின்றாள்.

சேர்மன் போகிற போக்கில் பஞ்சநாதனிடம், "திங்கக்கெழமையிலேருந்து கொசு மருந்து அடிக்கப் போயிரு" என்றார். அவன் தலையை ஆட்டிவிட்டு, நோட்டை வாங்கிக்கொண்டு ரேடியோ அறைக்குத் திரும்பினான். எல்லையம்மாள் அவன் பின்னாலேயே போனாள்.

"கொசுவா?" என்றாள்.

"கொசுதான். அதுக்கு மைக்கு வேணாம்." அவன் சிரித்தான்.

அவள் முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள். "அறிவிப்பு எழுதுங்க. ஆடு இன்னும் வரல. நானே தொரத்திவிட்டது, எங்க போச்சோ தெரியல. இந்த வாட்டி நெசமாவே பயமா இருக்கு. நாளைக்குப் பேசுறது எப்பவும் போலவே பேசுங்க. ஊரு சிரிச்சாச் சிரிக்கட்டும்."

பஞ்சநாதன் நோட்டைப் பிரித்துத் தேதி போட்டான். அவள் பெயரை எழுதினான். வழக்கப்படி, கேட்காமலே 'களத்துமேடு' என்று எழுதி, 'சேர்மன்' என்று தொடங்கினான்.

"அத அடிங்க" என்றாள் எல்லையம்மாள். "களத்துமேடு, மூணாவது வீடு."

அவன் அடித்துவிட்டு எழுதினான். பெருவிரலை அவளே மைத்திண்டில் வைத்து அழுத்தினாள்.