இரண்டு பேர் கணக்கு

எனக்கு ஐம்பத்தெட்டு வயது. மகளுக்குக் கல்யாணமாகிவிட்டது, மூட்டு வலிக்கு மாத்திரை சாப்பிடுகிறேன், இந்தப் பல்கலைக்கழகத்தில் நானும் ஒரு பேராசிரியை. ஆனாலும் லுவான் ஜென்ஹாய் வாத்தியாருக்கு நான் இன்னும் 'குட்டி மெங்'தான். என் மாணவர்கள் எதிரிலேயே, தாழ்வாரத்தின் அந்தக் கோடியிலிருந்து அப்படிக் கூப்பிடுவார். நானும் பல்லைக் கடித்துக்கொண்டு "இதோ வர்றேன் ஐயா" என்று ஓடுவேன்.

அவர் வேதியியல்காரர்தான். ஆனால் அவர் கையில் ஒரு கண்ணாடிக் குழாய் உடையாமல் தங்கியதாக யாரும் சொல்லிக் கேட்டதில்லை. மூலக்கூறுக்குள் எலக்ட்ரான் எங்கே இருக்கும், எப்படிப் பரவும் என்று காகிதத்திலேயே கணக்குப் போட்டுச் சொல்வது அவர் தொழில். ஷாண்டோங் பக்கம் எண்ணெய்ச் செக்கு வைத்திருந்த குடும்பத்தில் பிறந்து, சீனாவின் வடகிழக்கு மூலையில் இருக்கும் இந்தக் குளிருக்குப் படிக்க வந்தவர். படித்தவர்களையெல்லாம் வயலுக்கு அனுப்பிய வருடங்களில் பன்றி வளர்க்கப் போனார். தீனி வைக்க மறந்துவிட்டு மூலக்கூறு வளையங்களை யோசித்துக்கொண்டிருப்பாராம். அந்த ஊர்க்காரர்கள் இன்னும் திட்டுகிறார்கள். பன்றிகள் இளைத்ததுதான் மிச்சம் என்று அவர்கள் நினைத்தார்கள். அவர் ஒரு சூத்திரத்தோடு திரும்பி வந்தார். அதை வைத்துத்தான் எங்கள் துறைக்கே பெயர்.

நான் அவரிடம் சேர்ந்தபோது எங்களுக்கென்று கணினி கிடையாது. மணிச்சட்டத்தில்தான் கணக்கு. ஒரே கணக்கை இரண்டு பேர் இரண்டு அறையில் உட்கார்ந்து போட வேண்டும்; நடுவில் பேசிக்கொள்ளக் கூடாது. விடை ஒத்துப்போனால் வாத்தியார் "எழுது" என்பார். ஒத்துப்போகாவிட்டால் யாருடையது தப்பு என்று பார்க்கவே மாட்டார், இரண்டு பேரும் முதலிலிருந்து. என் இளமையில் பாதி அப்படித்தான் போயிற்று. ஒருத்தர் கணக்கு கணக்கே இல்லை என்பது அவருடைய வேதம்.

இன்னொரு பழக்கமும் உண்டு. ஒவ்வொரு வகுப்பிலும் கரும்பலகையில் ஒரு தப்பை வேண்டுமென்றே ஒளித்துவைப்பார். கண்டுபிடிக்கிறவர்களுக்குச் சட்டைப்பையிலிருந்து ஒரு பால் மிட்டாய். எழுபத்தொன்பது வயதிலும் முதலாண்டுப் பிள்ளைகளுக்கு அவரே பாடம் நடத்துவார்; கடைசி வரிசையில் உட்கார்ந்து குறிப்பெடுப்பதும், பிறகு வீட்டுக்கணக்கைத் திருத்துவதும் என் தலையெழுத்து.

இந்தக் குளிர்காலத்தில்தான் தப்பு இரண்டானது. முதலில் நான்தான் தூங்கிவிட்டேனோ என்று நினைத்தேன். அடுத்த வாரம் மூன்று. வளையத்தில் ஆறு எலக்ட்ரான் போட வேண்டிய இடத்தில் ஐந்தைப் போட்டு, அதை வைத்தே பலகை முழுக்க எழுதிக்கொண்டு போனார். யாரோ ஒரு பிள்ளை வேறொரு தப்பைச் சொல்லி மிட்டாய் வாங்கியது; எல்லோரும் கை தட்டினார்கள்; மிச்சத் தப்புகள் அத்தனையும் பிள்ளைகள் மூளையில் போய் உட்கார்ந்துகொண்டன. வாத்தியார் ஒன்றுதான் ஒளிப்பார் என்று தெரிந்த பிறகு, இரண்டாவதாக ஒன்றைச் சொல்ல இந்த ஊரில் யாருக்குத் துணிச்சல் வரும்? அது அவரைப் பார்த்து உங்களுக்கு வயதாகிவிட்டது என்று சொல்வதல்லவா.

துறைத்தலைவர் பியானிடம் போனேன். அவனும் வாத்தியாரின் மாணவன்தான், எனக்கு மூன்று வருடம் இளையவன்.

"அக்கா, இப்பப் போய் இதைக் கிளப்பாதீங்க," என்றான். "வர்ற மாசம் ஐயாவோட எண்பதாவது பிறந்தநாள். எண்பதுலயும் பாடம் நடத்துறாருன்னு பேப்பர்காரங்க படம் எடுக்க வர்றாங்க."

"பிள்ளைங்க தப்பா படிக்கிறாங்கடா தம்பி."

"நீங்கதான் பின்னாடியே திருத்துறீங்களே."

"ஆமா, மாடு சாணி போட்டுட்டே முன்னால போகட்டும், நான் கூடையோட பின்னாலயே வர்றேன்."

சிரித்தான். தேநீர் ஊற்றிக் கொடுத்தான். அவனிடம் பேசியதற்குச் சுவரில் முட்டிக்கொண்டிருக்கலாம்.

வேறு வழியில்லாமல் வாத்தியார் வீட்டுக்கே போனேன். அவர் மனைவி புளித்த முட்டைக்கோஸ் வைத்துக் கொழுக்கட்டை பிடித்துக்கொண்டிருந்தார். வாத்தியார் பூண்டு உரித்துக்கொண்டிருந்தார். வழியெல்லாம் ஒத்திகை பார்த்த பீடிகையை மறந்துவிட்டுப் போட்டு உடைத்தேன்.

"ஐயா, நீங்க ஒளிக்கிறது ஒண்ணு. பலகையில இருக்கிறது மூணு."

பூண்டிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "யார் எண்ணினது?"

"நான்தான்."

"ரெண்டாவது யாரு?"

"எந்த ரெண்டாவது?"

"ஒருத்தி கணக்கை நான் என்னைக்கு ஏத்துக்கிட்டிருக்கேன், குட்டி மெங்?"

எனக்கு வந்த ஆத்திரத்தில் அந்தப் பூண்டுக் கிண்ணத்தைக் கவிழ்த்திருப்பேன். இரண்டாவது ஆளுக்கு நான் எங்கே போவேன்? எந்தப் பிள்ளையைக் கூப்பிட்டு, உன் வாத்தியார் எத்தனை இடத்தில் தடுமாறினார் எண்ணிச் சொல் என்று கேட்பேன்? என் கையைக் கட்டிப்போடத் தன் வேதத்தையே எடுத்துவிட்டாரே மனுஷன்.

வாத்தியாரம்மா மாவுக் கையோடு சொன்னார்: "விடும்மா. கல்யாணமான நாள்லேர்ந்து இந்த வீட்டுல நான் ஒத்தைக் கணக்குதான். நான் சொன்னது ஒண்ணுகூட எடுபட்டதில்ல."

பேப்பர்காரர்கள் வந்த நாளில் வகுப்பு நிரம்பி வழிந்தது. பியான் புதுக் கோட்டோடு முன்வரிசையில் இருந்தான். வாத்தியார் பலகையை நிரப்பினார். நான் எண்ணினேன். மூன்று. ஒரு பையன் எழுந்து ஒன்றைச் சொன்னான். மிட்டாய், கைதட்டல், படம்.

வாத்தியார் அதோடு நிறுத்தவில்லை. "வேற இருக்கா?" என்றார்.

எல்லோரும் மரியாதையாகச் சிரித்தார்கள்.

"சிரிக்கச் சொல்லல. இருக்கான்னு கேட்டேன்."

அவர் சட்டைப்பையிலிருந்த மிட்டாய்களை அள்ளி மேசைமேல் கொட்டினார். ஜன்னலோரம் குவோ ரூய்லின் என்ற பெண் மெதுவாக எழுந்தாள். காதெல்லாம் சிவந்திருந்தது.

"நாலாவது வரில அஞ்சுன்னு இருக்கு ஐயா, ஆறு வரணும். கடைசி வரில கழித்தல் குறி விட்டுப்போச்சு. அவன் சொன்னதோட சேர்த்து..."

"எத்தனைன்னு சொல்லாதே," என்று தடுத்தார். பிறகு கடைசி வரிசையைப் பார்த்தார். "குட்டி மெங், நீ சொல்லு. எத்தனை?"

பியான் திரும்பி என்னைப் பார்த்தான். கண்ணாலேயே கெஞ்சினான். ஒன்று என்று சொல்லலாம். ஐயா, அந்தப் பெண்ணுக்குப் புரியவில்லை என்று சொல்லிவிட்டால் கைதட்டலோடு முடிந்துவிடும். இத்தனை பேர் முன்னால் இவரை இறக்கிவைக்கும் வேலையை என் தலையில் கட்டிவிட்டாரே என்று நெஞ்சு கொதித்தது. வீட்டிலேயே ஒப்புக்கொண்டிருந்தால் என்னவாம்?

"மூணு, ஐயா," என்றேன். குரல் எனக்கே கேட்கவில்லை. மறுபடி சத்தமாகச் சொன்னேன்.

அவர் அந்தப் பெண்ணைப் பார்த்தார். அவள் ஆமென்று தலையை ஆட்டினாள்.

"ஒத்துப்போச்சு," என்றார். பலகையை ஒருமுறை மேலிருந்து கீழ்வரை பார்த்தார். "நான் ஒளிச்சது ஒண்ணுதான்."

பிறகு மேடையிலிருந்து இறங்கி, வரிசைகளுக்கு நடுவே கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு படியாக ஏறிக் கடைசி வரிசைக்கு, என்னிடம் வந்தார். சுண்ணக்கட்டியை என் கையில் வைத்தார். "எழுது," என்றார்.

நான் கீழே போனேன். அவர் என் நாற்காலியில் உட்கார்ந்துகொண்டார். கண்ணில் நீர் முட்டி எழுத்தெல்லாம் கலங்கித் தெரிந்தது. யாருக்கும் முகத்தைக் காட்டாமல் பலகையைப் பார்த்தே எழுதிக்கொண்டு போனேன். அவர் கொஞ்ச நேரம்கூட விடவில்லை.

"குட்டி மெங், மூணாவது வரி."

நான் எதையும் ஒளிக்கவில்லை. ஒளிக்கவே இல்லை. பற்றிக்கொண்டு வந்தது. இடுப்பில் கை வைத்துத் திரும்பினேன்.

"ஒருத்தர் கணக்கை ஏத்துக்க முடியாது ஐயா. ரெண்டாவது யாரு?"

ஜன்னலோரத்தில் குவோ ரூய்லின் கையைத் தூக்கினாள். அவள் பக்கத்தில் இன்னொரு கை. அப்புறம் பின்வரிசை, நடுவரிசை என்று வகுப்பில் பாதிப் பேர் கை தூக்கியிருந்தார்கள். எல்லாவற்றுக்கும் மேலே, கடைசி வரிசையில், மிட்டாய்க்காக நீட்டிய கையோடு அவர் உட்கார்ந்திருந்தார்.