சாமிக்கு முன்னால் ஒரு ஸ்பேனர்

ஒரு ஸ்பேனர் காணாமல் போனால் ராணுவம் நிற்குமா? நிற்கும். எங்கள் ஹேங்கரில் அதுதான் சட்டம். சுவர்ப் பலகையில் ஒரு சாமான் குறைந்தாலும், அது எந்த ஹெலிகாப்டரின் வயிற்றில் கிடக்கிறதோ என்று, அது ஆணிக்குத் திரும்பும்வரை எல்லாமே தரையில் நிற்க வேண்டும். அந்தப் பலகைக்குப் பொறுப்பு நான்தான்.

எழுபத்தேழில், எல்லைக் காட்டுக்குப் படையை ஏற்றிப்போக நான்கு ஹெலிகாப்டர்கள் நண்பகலுக்குள் தயாராக வேண்டும் என்று உத்தரவு வந்தது. அன்றைக்குச் சரஸ்வதி பூஜை. பலகையில் ஒரு ஸ்பேனரைக் காணோம்.

பராமரிப்பு அதிகாரி சிவகுருநாதனின் முகம் செத்துவிட்டது. கடல் தாண்டி லாபுவான் தீவில் ஆறு வருடம் தனியாகக் கிடந்து, கெஞ்சிக் கூத்தாடி அந்த வருடம்தான் எங்கள் பட்டர்வொர்த் தளத்துக்கு மாற்றலாகி வந்திருந்தார். மனைவி புஷ்பராணி எதிர்க்கரை ஜார்ஜ்டவுனில் ஆசிரியை. மாலையில் ஃபெரி ஏறி வீட்டுக்குப் போகும்போது அந்த மனிதரின் முகத்தைப் பார்த்தால் எனக்கே பொறாமையாக இருக்கும்.

"இன்னிக்குக் கிளம்பலன்னா மறுபடி லாபுவான்தான், பஷீர்," என்றார்.

அப்போதுதான் மெக்கானிக் அய்யாக்கண்ணு மெல்ல வாயைத் திறந்தான். "சார், அது எங்க வீட்டுல இருக்கு. பூசைக்கு வச்சிருக்கேன். சோறு போடுற சாமான் இல்லையா?"

அடப்பாவி! ஜீப்பில் அவன் குடியிருந்த மாக் மண்டினுக்குப் பறந்தோம். அவன் மனைவி நல்லம்மாள் வாசலை மறித்து நின்றாள்.

"சாமிக்கு முன்னால வச்சாச்சு சார். நாளைக்குப் பூச முடிஞ்சுதான் எடுக்கலாம்."

சிவகுருநாதன் திருநீறு பூசாமல் வெளியே வராதவர். அதட்ட வாய் வரவில்லை. என்னைப் பார்த்தார்.

"பாய் எடுத்தா மட்டும் சாமி கோவிக்காதா லா?" என்றாள் அவள். நான் கையைப் பின்னால் கட்டிக்கொண்டேன்.

கடைசியில் அவளே வழி சொன்னாள். "சாமிக்கு முன்னால இருக்கணும், அவ்வளவுதானே? சாமியும் வரட்டும்."

சரஸ்வதி படம், குத்துவிளக்கு, சுண்டல் சட்டி, நல்லம்மாள் எல்லாம் ஜீப்பில் ஏறின. தளத்து வாசல் காவலன் படத்தில் இருந்த அம்மாளுக்கும் பாஸ் கேட்டான். 'வருகையாளர்' என்று எழுதிக் கொடுத்தோம்.

பலகைக்கு எதிரே சாமி உட்கார்ந்தது. ஸ்பேனர் மாலையோடு தன் ஆணியில் தொங்கியது. கணக்குச் சரி! நான்கும் நண்பகலுக்கு முன்பே கிளம்பின. சிவகுருநாதன் அழுதேவிட்டார். நாங்கள் சுண்டல் தின்றோம்.

மறுவாரம் மேலிடத்திலிருந்து பாராட்டு வந்தது. எந்த நெருக்கடியிலும் ஹெலிகாப்டரைக் கிளப்பும் இப்படிப்பட்ட ஆள்தான் லாபுவானுக்கு அவசரமாகத் தேவையாம். பதவி உயர்வோடு உடனே புறப்படச் சொல்லியிருந்தார்கள்.

"வாழ்த்துகள் சார்," என்றேன். என் வாய் சும்மா இருக்காது.

அவர் பாராட்டுக் கடிதத்தை மடித்துச் சட்டைப் பையில் வைத்தார். பிறகு, "சாயங்காலம் என்கூட ஃபெரியில வா பஷீர்," என்றார். "புஷ்பராணிகிட்ட நீயே சொல்லிடு."